உடைந்ததா, உடைத்தாயா?

சொந்தமாக ஒரு மொழி செய்துகொண்டிருக்கிறேன். காரைக்குடியில் இதைச் சொன்னால் இரண்டே கேள்விதான் வரும்: யார் பேசுவார்கள், அதில் என்ன வரும். யாரும் பேச மாட்டார்கள், ஒன்றும் வராது. சிலர் வீட்டில் புறா வளர்க்கிறார்கள், சிலர் பழைய தபால்தலை சேர்க்கிறார்கள், எனக்கு இது. பெயர்கூட இன்னும் வைக்கவில்லை, நோட்டு அட்டையில் 'நாலாவது' என்று எழுதியிருக்கிறேன், முதல் மூன்றும் பாதியில் நின்றுபோனவை. முதலாவது ஆறாம் வகுப்பில் செய்தது. எல்லா எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' போட்டுப் பேசுவோமே, அதையே கொஞ்சம் மாற்றி வாத்தியாருக்குப் புரியாதபடி ஆக்கியது. அதை மொழி என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். இரண்டாவது எஸ்பெராண்டோ என்கிற செயற்கை மொழியைப் பார்த்து எழுதிய காப்பி. மூன்றாவது எங்கே கவிழ்ந்தது என்று கீழே சொல்கிறேன்.

இங்கே எழுதப்போவது நாலாவதின் வினைச்சொல்லைப் பற்றி மட்டும். அதில் காலம் எப்படி வருகிறது, வினை யார் தலையில் விழுகிறது என்பது எப்படி வருகிறது, இவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஜாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். அம்மா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர்கள் சென்னையில், ஏதாவது விசேஷம் என்றால்தான் வருவார்கள். மற்ற நாளெல்லாம் முகப்பிலிருந்து பின்கட்டு வரை பெருக்கித் துடைப்பது, சாவிக்கொத்து, வளவில் மழைத்தண்ணீர் தேங்காமல் பார்ப்பது எல்லாம் அம்மா பொறுப்பு. அப்படி ஒரு விசேஷத்துக்கு முதல் நாள், உள்கட்டில் இருந்த ஊறுகாய் ஜாடியை இடம் மாற்றச் சொன்னார் வீட்டுக்கார ஆச்சி. எந்தக் காலத்திலோ மலேயாவிலிருந்து கப்பலில் வந்த ஜாடி, பழுப்பு நிறம், கழுத்தில் நாலு காது. அம்மா இரண்டு காதைப் பிடித்துத் தூக்கினார். மேல் பாதி வந்தது. அடி தரையிலேயே நின்றுவிட்டது.

"ஜாடி உடைஞ்சு போச்சு ஆச்சி."

"அது எப்படிடி தானா உடையும்? உடைச்சிட்டேன்னு சொல்லு."

அந்த மாதம் அம்மா சம்பளத்தில் பாதி குறைந்தது. குறைந்தது என்று எழுதிவிட்டேன் பாருங்கள். குறைத்தார்கள்.

இதில் எனக்கு ஆச்சி மேல் கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அதற்காக இதை எழுதவில்லை. அந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடைந்தது, உடைத்தது. நடுவில் ந் இருந்தால் ஜாடி குற்றவாளி, த் இருந்தால் அம்மா குற்றவாளி. பேச்சில் உடைஞ்சுது, உடைச்சுது, ஞ்-க்கும் ச்-க்கும் உள்ள வித்தியாசம். நிகழ்காலத்தில் இன்னும் மெல்லிசு: உடைகிறது, உடைக்கிறது. எதிர்காலத்தில் உடையும், உடைக்கும். பள்ளிக்கூடத்தில் 'த், ட், ற், இன்' என்று நன்னூல் இடைநிலைகளை மனப்பாடம் செய்தபோது இவை காலம் காட்டும் என்று மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். காலம் காட்டுகிற அதே இடத்தில் தமிழ் இன்னொரு காரியத்தையும் சத்தமில்லாமல் செய்கிறது: வினையின் பலன் எழுவாயிலேயே தங்கியதா, வேறொன்றின் மேல் போய் விழுந்ததா என்று சொல்லிவிடுகிறது. கலைந்தது, கலைத்தது. எரிந்தது, எரித்தது. மறைந்தது, மறைத்தது. எடுத்தால் பக்கம் பக்கமாக வரும்.

தன்வினை, பிறவினை என்று பாடத்தில் படித்ததுதானே என்பீர்கள். அதேதான், ஆனால் அது 'செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை' விவகாரம் இல்லை. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கு. பரமசிவம் 1970களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு இதைப் பற்றித்தான். 'ஊரைச் சேர்ந்தான்' என்பதில் ஐ உருபோடு செயப்படுபொருள் இருக்கிறது, ஆனாலும் வினை 'சேர்ந்தான்', 'சேர்த்தான்' இல்லை. ஏன்? இடம் மாறியது ஊர் இல்லை, அவன். 'பணத்தைச் சேர்த்தான்' என்றால் இடம் மாறியது பணம். ஆக, பொருள் இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை, மாற்றம் யாரிடம் நடந்தது என்பதுதான் கேள்வி. இது புரிந்த அன்று நான் மூன்றாவது மொழியின் நோட்டை மூடி வைத்தேன். (நட, படி, சிரி என்று இந்தக் கணக்குக்கு நேராக மடங்காத வினைகளும் உண்டு. நடக்கிறான் என்று வல்லினம் போட்டுவிட்டு நடந்தான் என்று மெல்லினத்துக்குத் தாவுகிறது. இயற்கை மொழி என்றால் அப்படித்தான், நாலு பேர் வந்து போகிற வீடு.)

செயப்பாட்டு வினை எங்கே போயிற்று என்றால், அது செய்தித்தாளிலும் கல்வெட்டிலும் இருக்கிறது. கைது செய்யப்பட்டார், திறந்து வைக்கப்பட்டது. என் அம்மா வாழ்நாளில் 'ஜாடி உடைக்கப்பட்டது' என்று சொன்னதில்லை, சொல்லவும் மாட்டார். செய்த ஆளை மறைக்க வீட்டில் வேறு வழி இருக்கிறது: 'ஆச்சு'. சமைச்சாச்சு, பூட்டியாச்சு, விளக்கு வச்சாச்சு. யார் செய்தார்கள் என்பதற்கு வாக்கியத்தில் இடமே இல்லை. "சமையல் ஆச்சா?" "ஆச்சு ஆச்சி." இந்த உரையாடலைச் சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருப்பேன், சமைத்தது யார் என்று அதில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

சரி, மற்ற செயற்கை மொழிக்காரர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். எஸ்பெராண்டோ, ஜாமென்ஹோஃப் 1887இல் வெளியிட்டது, காலத்தை உயிரெழுத்தில் வைத்திருக்கிறது: 'அஸ்' நிகழ்காலம், 'இஸ்' இறந்தகாலம், 'ஓஸ்' எதிர்காலம். எந்த வினைக்கும் இதே மூன்றுதான். உடைப்பதற்கு 'ரொம்பி' (நம் காதுக்கு 'நிரம்பி' மாதிரிதான் கேட்கும்). உடைத்தார் என்றால் ரொம்பிஸ். ஜாடி தானாக உடைந்தது என்றால் நடுவில் 'இஜ்' செருகி ரொம்பிஜிஸ். உடைக்கப்பட்டது என்றால் 'எஸ்டிஸ் ரொம்பிதா', இது செயப்பாட்டு எச்சம். மூன்றும் தெளிவு. ஆனால் வேர்ச்சொல் பிறக்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்துதான் பிறக்கிறது. 'ரொம்பி' பிறவினையாகப் பிறந்தது, அதைத் தன்வினை ஆக்க 'இஜ்' வேண்டும். கொதிப்பதற்கான 'போலி' தன்வினையாகப் பிறந்தது, தண்ணீரைக் கொதிக்க வைத்தேன் என்பதற்கு 'இக்' சேர்த்து 'போலிகி' ஆக்க வேண்டும். எந்த வேர் எந்தப் பக்கம் என்று மனப்பாடம்தான். அதற்கு மேல் அந்த எச்சங்களில் ஒரு சண்டையும் உண்டு. 'வீடு கட்டப்பட்டது' என்பதற்கு 'இதா' போடுவதா 'அதா' போடுவதா, அது காலத்தைக் காட்டுகிறதா, வேலை முடிந்த நிலையைக் காட்டுகிறதா என்று வருசக்கணக்கில் அடித்துக்கொண்டு, 1967இல் எஸ்பெராண்டோ அகாடமி 'இதா' பக்கம் தீர்ப்புச் சொன்னது. யாருக்கும் தாய்மொழியாக இருக்கட்டும் என்று செய்யாத மொழியில் இவ்வளவு சண்டை என்பது எனக்கு ஒரு வகையில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிளிங்கன் வேறு மாதிரி. ஸ்டார் டிரெக் படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் செய்தது. அதில் காலமே கிடையாது. நேற்று, நாளை என்று தனிச்சொல் போட்டுக்கொள்ள வேண்டும். வினையில் வருவது வேலை முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா என்பதுதான். ஆனால் முடிந்ததற்கு இரண்டு விகுதி வைத்திருக்கிறார்: 'பு' என்றால் முடிந்தது, அவ்வளவுதான். 'தா' என்றால் செய்ய வேண்டும் என்று நினைத்து, செய்து முடித்தது. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கானாடுகாத்தானில் அன்றைக்கு ஆச்சி கேட்டது 'பு'வா 'தா'வா என்பதுதானே! போர்க்குணம் பிடித்த வேற்றுக்கிரகத்தாருக்காகச் செய்த மொழியில் என் அம்மாவைக் காப்பாற்ற ஒரு விகுதி இருக்கிறது. செய்தவரைச் சொல்லாமல் விட 'லு' என்று இன்னொன்றும் இருக்கிறது, கிட்டத்தட்ட நம் ஆச்சு.

அவதார் படத்துக்காகப் பால் ஃப்ராமர் செய்த நாவி மொழியில் காலம் வினையின் வயிற்றுக்குள் போய் உட்காரும். வேட்டையாடுவது 'தாரோன்'. 'தமாரோன்' என்றால் வேட்டையாடினார். 'திமாரோன்' என்றால் இப்போதுதான், சற்று முன்னால். எதிர்காலத்திலும் அதேபோல் தூரம், பக்கம் என்று இரண்டு. இந்தத் தூரக் கணக்கு ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகள் பலவற்றில் இயற்கையாகவே உண்டு, இன்று நடந்தது, நேற்று நடந்தது, எப்போதோ நடந்தது என்று தனித்தனியாக. என் மூன்றாவது மொழியில் இதைத்தான் செய்தேன். இன்று காலை, நேற்று, முந்தாநாள், போன வருசம் என்று நாலு இறந்தகாலம். அழகாக இருந்தது. ஒரு பத்தி எழுதிப் பார்த்தபோது ஒவ்வொரு வினைக்கும் நின்று காலண்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. கைவிட்டேன்.

இனி நாலாவது. யோசனை வந்தது ரொம்ப எளிமையான ஒரு கவனிப்பிலிருந்து. தமிழில் நிகழ்காலம் கிறு, அது க. இறந்தகாலம் பெரும்பாலும் த. எதிர்காலம் ப. அடிநாக்கு, நுனிநாக்கு, உதடு. இந்த மூன்று வல்லினத்துக்கும் இனமான மெல்லினம் ங, ந, ம. அதாவது காலத்தை வாயில் இடம் சொல்லட்டும், வினை யாருடையது என்பதை எழுத்தின் இனம் சொல்லட்டும். வல்லினம் என்றால் பலன் வெளியே போகிறது, மெல்லினம் என்றால் தன்னிடமே தங்குகிறது. தமிழ் பாதி செய்து வைத்ததை நான் முழுசாகச் செய்தேன், வேறொன்றுமில்லை.

உடைவதற்கு வேர் 'கெ'. ஜாடிக்கு 'மோரி'. அம்மாவுக்கு 'ஈமே'. வேற்றுமை உருபு கிடையாது, செய்தவர் முன்னால் வருவார். ஈமே மோரி கெதா: அம்மா ஜாடியை உடைத்தார். மோரி கெநா: ஜாடி உடைந்தது. கெகா, கெஙா நிகழ்காலம். கெபா, கெமா எதிர்காலம். சொல்லின் நடுவில் ந எழுதுவது கண்ணை உறுத்தத்தான் செய்கிறது, ஆனால் ங வரிசைக்கு வேலை கொடுத்ததில் எனக்குப் பெருமை. அரிச்சுவடியில் ஙா, ஙி, ஙு என்று எழுதிப் பழகுகிறோம், அப்புறம் வாழ்க்கை முழுக்க அவற்றைப் பார்ப்பதில்லை.

அப்புறம் ஆச்சு. செய்தவர் யாரென்று தெரியாது, அல்லது சொல்ல மாட்டேன், ஆனால் தானாகவும் நடக்கவில்லை. அதற்கு இருக்கவே இருக்கிறது இடையினம். இறந்தகாலம் ல, எதிர்காலம் வ. மோரி கெலா: ஜாடியை உடைத்தாயிற்று, ஆள் கேட்காதே. நிகழ்காலத்துக்கு அடிநாக்கில் இடையினம் இல்லை, அதனால் ய-வை இழுத்துப் போட்டேன். அது அந்த இடத்தில் பிறக்கிற எழுத்தே இல்லை என்று எனக்கும் தெரியும், யாராவது சுட்டிக்காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

எதிர்மறைக்குக் காலமும் கிடையாது, பக்கமும் கிடையாது. கெழா. பழைய தமிழில் 'செய்யேன்', 'வாரான்' எல்லாம் அப்படித்தான், முக்காலத்துக்கும் ஒன்றே. நடக்காததற்கு எதற்குக் காலம் என்று விட்டுவிட்டேன்.

புது இலக்கணத்தைச் சோதிக்க நான் எப்போதும் ஒரே பத்தியைத்தான் எழுதிப் பார்ப்பேன், தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல் செய்வது. அங்கே ஒரு கொட்டகையில் கணக்கு எழுதுகிறேன், பத்து வருசமாக அதைப் பார்க்கிறேன், அதனால் வினைகள் கைவசம். கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, கலர் கலந்த சிமெண்டை ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள்: எல்லாம் வல்லினம். அச்சைத் தூக்கினதும் கலர்கள் ஒன்றோடொன்று மெல்ல நெருங்கும்: மெல்லினம். மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவை போட்டுத் தேய்ப்பார்கள். சூளை கிடையாது. காய்ந்ததைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள், நாள்கணக்கில் ஊறும். ஊறுவதற்கு 'லோ' என்று வைத்தேன். பாமே லோஙா, கல் ஊறுகிறது. ஈமே பாமே லோகா, அம்மா கல்லை ஊறவைக்கிறார். பாமே லோலா, கல் ஊறப்போட்டாச்சு. இதை மட்டும் சத்தமாகச் சொல்லிப் பார்க்காதீர்கள், சிரிப்பு வரும். கடைசியில் கல் கண்ணாடியை விடும். இந்த 'விடும்' எனக்கு மிகவும் பிடித்த இடம். கண்ணாடி என்கிற செயப்படுபொருள் இருக்கிறது, ஆனால் பலன் கல்லில்தான், பளபளவென்று முகம் தெரிய வெளியே வருவது அதுதான். ஊரைச் சேர்ந்தான் மாதிரியே. மெல்லினம் போட்டேன், உட்கார்ந்துகொண்டது.

காலத்தில் ஒன்று அதிகமாகச் சேர்த்திருக்கிறேன், அதைக் கடிதக் காலம் என்று சொல்கிறேன். அம்மாவின் அப்பா, என் தாத்தா, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போய், அங்கே செட்டியார்களின் கிட்டங்கியில், அதாவது வியாபாரக் கட்டடத்தில், சமையல் வேலை பார்த்தவர். முதலாளிமார் 'கொண்டுவிக்க', அதாவது வியாபாரம் பார்க்கப் போனார்கள், தாத்தா அவர்களுக்குக் குழம்பு வைக்கப் போனார். அவர் கடிதத்தில் ஒன்று அம்மாச்சியின் பெட்டியில் ரொம்ப நாள் இருந்தது. 'இவ்விடம் நான் நலம். அவ்விடம் அனைவரின் நலமறிய அவா. நிற்க. நாலு நாளாய்க் காய்ச்சல் அடிக்கிறது.' அம்மாச்சி இதைக் கேட்டுவிட்டு அன்றைக்கே குன்றக்குடிக்கு நேர்ந்துகொண்டாராம். கடிதம் வந்து சேர்வதற்குள் வாரங்கள் ஓடியிருந்தன. அடிக்கிறது என்று எழுதிய காய்ச்சல் எப்போதோ விட்டிருக்கும், அல்லது முற்றியிருக்கும். இடத்துக்கு இவ்விடம், அவ்விடம் என்று இரண்டு சொல் வைத்துக்கொண்ட கடிதம், எழுதுகிறவரின் இப்போதும் படிக்கிறவரின் இப்போதும் வேறு வேறு என்பதற்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. லத்தீனில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. சிசரோ காலத்துக் கடிதங்களில், எழுதும்போது நடந்துகொண்டிருப்பதையே 'நடந்துகொண்டிருந்தது' என்று இறந்தகாலத்தில் போடுவார்கள், படிக்கிறவர் கைக்குப் போகும்போது அது பழசாகியிருக்கும் என்பதால்.

நான் அதற்கு ட, ண, ள எடுத்துக்கொண்டேன். நாக்கு வளைந்து பின்னால் திரும்பித் தொடுகிற எழுத்துகள். எழுதுவதற்கு வேர் 'ரி', ஆகவே 'ரிடா' என்றால் எழுதுகிறேன், நீ படிக்கும்போது எழுதியிருந்தேன். காய்ச்சல் அடிப்பது ஆளிடமே தங்குகிற வினை, அதனால் ண. இந்தக் காலம் வீட்டில் யாருக்கும் தேவைப்படவில்லை என்பது உண்மை. தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள், வாட்ஸ்ஆப்பில் குரல் அனுப்பினால் அடுத்த நொடி வந்துவிடுகிறது. நான்தான் மூன்று நாள் கழித்துக் கேட்கிறேன். அந்த மூன்று நாளுக்காவது இது ஆகும்.

க ங ய, த ந ல, ப ம வ, ட ண ள. பன்னிரண்டு எழுத்து, ஒரு பக்கத்தில் கட்டம் போட்டு முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது நோட்டை எடுத்துப் போய்க் காட்டினேன். அம்மாவுக்கு இதெல்லாம் விளையாட்டு. ஆனால் ஜாடி என்றதும் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்.

மூன்றையும் தமிழில் விளக்கினேன். கெதா, நீ உடைச்சே. கெநா, தானா உடைஞ்சுது. கெலா, யாரோ உடைச்சாச்சு. எதைப் போடட்டும்?

"மூணும் இல்லப்பா. தானா உடையலயே, நான் தூக்கினேன்ல. நான் உடைக்கவும் இல்ல. யாரோன்னு சொன்னா அது பொய்யி."

"அப்புறம் என்னதான் ஆச்சு?"

"கையோட வந்துருச்சு."

இதைத் தமிழில் எத்தனை தடவை சொல்லியிருப்போம். தாழ்ப்பாள் கையோட வந்துருச்சு, குழாய்த் திருகு கையோட வந்துருச்சு. கை என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வினை அதனுடையது. உடை என்கிற சொல்லையே தொடாமல், 'வா'வைக் கூப்பிட்டு நிறுத்தி விடுகிறது. இத்தனை வருசத்தில் ஆச்சியிடம் ஏன் இப்படிச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னாராம். "உடைஞ்சு போச்சு"க்கு அப்புறம் சொன்னதாம், எனக்குத்தான் நினைவில்லை. சொல்லியும் பாதிச் சம்பளம் போனது போனதுதான்.

கட்டத்தில் ச, ஞ வரிசை இன்னும் காலியாக இருக்கிறது. உடைச்சுது, உடைஞ்சுது என்று அம்மா பேசுகிற எழுத்துகள் என்பதால்தான் இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்தேனோ என்னவோ. இரண்டில் எதைக் கொடுப்பது என்று முடிவாகவில்லை. ச போட்டால் ஆச்சி சொன்னது மாதிரி ஆகிவிடுகிறது, ஞ போட்டால் கை காணாமல் போகிறது. இரண்டையும் சேர்த்து 'ஞ்ச' என்று எழுதிப் பார்த்தேன். மோரி கெஞ்சா. படித்துக் காட்டினேன்.

"நான் ஒண்ணும் கெஞ்சலப்பா" என்றார் அம்மா. அதையும் அடித்துவிட்டேன்.